ஆனாலும் என்ற சொல்லுக்குப் பிறகு

இலங்கை மலையகத்து அப்புத்தளையில் கிளாக்கரய்யா என்றால் விஜேந்திரன்தான். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு. அலமாரி நிறைய, இங்கிலாந்தின் பழைய பியூரிட்டன் பாதிரிமார் எழுதிய தியானப் புத்தகங்கள். முந்நூறு வருடப் பழைய பதிப்புகள். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் விட்டுப்போனவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தவை. "வேதத்துல சேர்ந்துட்டீங்களா?" என்று, கிறிஸ்தவராகிவிட்டதாக ஊரார் சீண்டுவார்கள். சிரித்துக்கொள்வார்.

மனைவி ஜீவராணி காய்ச்சலில் இறந்த அதே மாதம்தான், பண்டாரவளைப் பழைய சாமான் கடை ஜுனைதீன் ஒரு பாதிப் புத்தகத்தைக் கொடுத்தார். நடுவில் பிய்ந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், மனைவியைப் பறிகொடுத்த ஒரு பாதிரியின் ஜெபம். "ஆண்டவரே, என் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று தொடங்கி, முடியாமல் நின்றது. அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் அச்சிடுவது அந்தக் காலத்து வழக்கம். அங்கே இருந்த சொல், 'ஆனாலும்'.

ஆனாலும் என்ன? பன்னிரண்டு வருடமாக மனுஷன் அந்த ஒற்றைச் சொல்லோடு அல்லாடினார். அந்தப் பாதிரிக்கு ஏதோ ஆறுதல் கிடைத்திருக்கிறது, அது தனக்கும் வேண்டும் என்று ஏங்கினார்.

போன புரட்டாசியில் ஜுனைதீன் போன் பண்ணினார். மறுபாதி கொஸ்லந்தையில், காலஞ்சென்ற பங்களாச் சமையற்காரர் இராமையாவின் லயத்து வீட்டில் இருக்கிறதாம். நாள் கிழமை பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். போய் நின்றால், அங்கே சரஸ்வதி பூசை. பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு மேலே, பூச்சூடிக்கொண்டு, அந்தப் பாதி.

"இன்னைக்குப் பொஸ்தகத்தத் தொறக்கக்கூடாதுங்க ஐயா. நாளைக்குக் காலையில படிங்க," என்றார் இராமையாவின் மனைவி ரெங்கம்மா. கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை பூவை விலக்கினார். மேலட்டை இல்லாத பாதி அது. முப்பது வருடப் பூசையின் சந்தனமும் குங்குமமும் அந்த முதல் பக்கத்தில்தான் அப்பியிருந்தன. 'ஆனாலும்' மட்டும் ஓரத்தில் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார், தாளும் சேர்ந்து உதிர்ந்தது. பதறிக் கையை எடுத்துவிட்டார். மறுபக்கத்தில் வேறொரு ஜெபம் தொடங்கியிருந்தது.

"சாமி பொஸ்தகம்னு அவரு வருசா வருசம் பொட்டு வைப்பாருங்க. இப்ப நான் வைக்கிறேன்," என்றார் ரெங்கம்மா. "எங்களுக்கு இங்கிலீசு வராது. என்னங்க எழுதியிருக்கு?"

விஜேந்திரன் சந்தனத்தின் மேல் விரலை வைத்தார்.

"'ஆனாலும் அவ என்கூட இருந்தாளே, அது போதும்'னு எழுதியிருக்கும்மா."

ரெங்கம்மா தலையாட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது போதுமாயிருந்தது. சொன்னவருக்குத்தான் போதவில்லை.