அக்காவைப் பின்தொடர்ந்த விளம்பரம்

டயர் கடைக்கு மேல் மாடியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்... சூடான ரப்பர் வாசனை சட்டையில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. சுங்கைப் பட்டாணியில் என் முதல் வேலை அப்படி ஒரு மாடியில்தான். மூன்று கம்ப்யூட்டர், தண்ணீர் சொட்டும் ஏர்கோன், கீழே நாள் முழுக்க போல்ட் கழற்றும் சத்தம்.

தமிழர்களுக்கான திருமண வலைத்தளம் ஒன்றை நடத்தினோம். இது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுமணத்துக்கென்று தனிப் பக்கமும் உண்டு. பார்க்க வருவார்கள், பதியாமலே போய்விடுவார்கள். பாஸுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

“தம்பி, வந்து பாத்துட்டு போற ஆள சும்மா விடக்கூடாது லா. பின்னாலேயே போவணும்.”

போனோம். வலைத்தளங்கள் நம் கம்ப்யூட்டரில் குக்கி என்று ஒரு சின்னக் குறிப்பை விட்டு வைக்கும், அடுத்த முறை வந்தால் அடையாளம் தெரிய. அதோடு நிறுத்தியிருந்தால் பாவமில்லை. நான் விளம்பரக் கம்பெனியின் குக்கியையும் எங்கள் தளத்தில் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் வேறு எந்தப் பக்கத்துக்குப் போனாலும், அங்கே அந்தக் கம்பெனிக்கு இடம் இருந்தால், நீங்கள் எங்களிடம் பார்த்த ஆளின் படம் ஓரத்தில் வந்து நிற்கும். கீழே ஒரு வரி: ‘நீங்கள் பார்த்த வரன் இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.’

அந்த வரியை எழுதியது நான்தான். பாஸ் அன்று மீ கோரேங் வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அப்போது பக்கத்து ஊர் பீடோங்கில் அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணன், அண்ணி, நான், அப்புறம் அக்கா. அக்காவின் கணவர் மோட்டார் விபத்தில் போனபின் அவள் எங்களோடு வந்துவிட்டாள். கூலிமில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட். வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஹாலில். எனக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றுதான் வீட்டில் தெரியும், எந்தத் தளம் என்று தெரியாது. (இதையெல்லாம் எழுத அக்காவிடம் கேட்டுவிட்டேன். பேர் மட்டும் போடாதே என்றாள்.)

ஒருநாள் அக்கா, “பாத்தத எப்படிடா அழிக்கிறது?” என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். குக்கியைப் பற்றிச் சொல்லவில்லை. அதை அழிப்பது வேறு வேலை, அக்காவுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அக்கா ஹாலிலேயே அடுப்பை வைத்துத் தரையில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணியின் அம்மா வந்திருந்தார். அண்ணி நெய் பிஸ்கட் ரெசிப்பி தேடி ஏதோ சமையல் பக்கத்தைத் திறந்தார். ஓரத்தில் மீசை வைத்த ஒரு ஆளின் படம். மேலே ‘மறுமணம்’ என்ற தலைப்பு. கீழே என் வரி.

“ஐயோ, யாரு இது? நம்ம வீட்ல யாரு மாப்ள பாக்குறது?”

அண்ணியின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். “மறுமணமா? புருஷன் போயி மூணு வருஷம்கூட ஆவல. அதுக்குள்ள என்னா அவசரம் லா?”

அண்ணி சிரித்தார். அண்ணன் பேப்பரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா முறுக்கு அச்சை எண்ணெய்ச் சட்டிக்கு மேல் பிடித்தபடியே இருந்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு அக்காவை மோட்டாரில் ஏற்றிப் போனேன். பின்னாலிருந்து கேட்டாள்.

“நீ சொன்ன மாதிரிதான்டா எல்லாத்தயும் அழிச்சேன். அப்புறம் எப்படி வந்துச்சு?”

“தெரியலக்கா... வைரஸா இருக்கும்.”

பொய் சொன்னதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் அவள் கண் முன்னால் கம்ப்யூட்டரை ஃபோர்மேட் வேறு செய்து காட்டினேன். அக்கா தேங்க்ஸ் சொன்னாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிரிடம் நன்றியும் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

அந்த வாரமே ஆபீசில் தேடிப் பார்த்தேன். படம் போடாமல், வேறு பேரில் அக்கா பதிந்திருந்தாள். ஊரையும் வேலையையும் வைத்துக் கண்டுபிடித்தேன். அந்த ஞாயிறுக்கு மறுநாளே அவளுக்கு ஒரு மடல் வந்து, திறக்காமல் கிடந்தது. மெர்போக்கில் இருக்கும் அந்த மீசைக்காரர் எழுதியது. அதையும் திறந்து படித்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாளே! என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. நாலைந்து மாதத்தில் அவர் பேருக்கு நேரே ‘வரன் அமைந்துவிட்டது’ என்று வந்தது. அடுத்த மாதம் வேலையை விட்டேன். விட்டு என்ன?

இப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் குக்கி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ‘ஏற்கிறேன்’ என்பது பச்சையில் பெரிதாக இருக்கும். வேண்டாம் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இதில் என்ன மரியாதை? நாங்கள் கேட்காமல் செய்தோம், இவர்கள் கேட்பது போல நடித்துச் செய்கிறார்கள்.

அக்கா இப்போது கூலிமில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறாள். இன்னும் அதே ஃபேக்டரி. போன மாதம் போயிருந்தபோது போனை நீட்டினாள்.

“எதத் தொறந்தாலும் குக்கி குக்கின்னு கேக்குது. அமுக்கவாடா?”

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குக்கி, அந்த வரி, வைரஸ் பொய், மடல்... எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்னா எழுதியிருந்தாரு?”

எனக்கு அது மனப்பாடம். ‘நீங்களும் ஷிப்ட் வேலை என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். எந்த வாரம் உங்களுக்குப் பகல் ஷிப்ட் என்று சொன்னால் பேசலாம்.’

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அந்த வாரம் எனக்கு பகல் ஷிப்ட்தான்டா...”