நூலும் இருபத்தொரு தேங்காயும்

என் மகளுக்கு ஒன்பது வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. இத்தனை வருஷமாகியும் அவள் லேசாக இருமினால் என் கை தானாக அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

பினாங்கில் அப்போது நாங்கள் வரிசை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் கணவர் பள்ளி வாத்தியார். தினமும் கஞ்சியோடு வந்துகொண்டிருந்த அக்கா, காய்ச்சலின் மூன்றாம் வாரத்தில் திடீரென்று நின்றுவிட்டார். நான் போனால் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே பேசி அனுப்பினார். டாக்டர் என்னிடம் மறைத்த எதையோ அவரிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. காய்ச்சல் திரும்பி வருமோ என்று நான் தூங்காமல் கிடந்தேன்.

நானும் ஒன்றை ஒளித்துதான் வைத்திருந்தேன். கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மாதாவின் தாயான புனித அன்னம்மாளுக்கு, மகள் உயரத்தில் மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன். கான்வென்ட்டில் படித்தபோது கேள்விப்பட்ட வழக்கம் அது. ஒரு மதியம் அவள் தூங்கும்போது நூல் பிடித்து அளந்து, சீனர் கடையில் செய்து வாங்கி, அலமாரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். அக்காவிடம் சொன்னால் என் மாமியார் காதுக்குப் போய்விடும்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். படுக்கையறைக்குள் தடதடவென்று சத்தம். அன்று திறந்திருந்த கதவு வழியாக ஒரு தேங்காய் உருண்டு வந்து என் காலருகே நின்றது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால், முட்டி போட்டபடி அக்கா.

"வாத்தியார்கிட்ட சொல்லிடாத, தங்கச்சி. உங்க முருகனுக்கு நேந்துகிட்டது. தேர் வர்றப்ப ஒடைக்கணும். ஃபாதருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன் லா."

உள்ளே கட்டிலடியில் இன்னும் குவிந்து கிடந்தன. இத்தனையா என்று கேட்டேன்.

"ஒம்பதுதான் நேந்தேன். நீ பிள்ளைய உச்சியிலேருந்து பாதம் வரைக்கும் நூல் வச்சு அளந்தத ஜன்னல்ல பாத்தேன். சவப்பெட்டிக்கு அளக்குறியோன்னு நெனச்சு, இருபத்தொண்ணு ஆக்கிட்டேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியல."

தேங்காய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் மெழுகுவர்த்தியைக் காட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தைப்பூசத்தன்று என் சேலையைக் கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு, இருபத்தொன்றையும் அவரே உடைத்தார். ஜூலைத் திருவிழாவுக்கு நாங்கள் மூவரும் படகேறி அன்னம்மாளிடம் போனோம். மெழுகுவர்த்தியை மகள் பக்கத்தில் நிறுத்தினால், அவள் இரண்டு விரற்கடை கூடுதலாக நின்றாள். வேண்டுதல் குறைந்துவிட்டதே என்று தீப்பெட்டியைத் திறக்காமல் நின்றேன்.

"வளந்த பிள்ளைய வெட்டவா முடியும்? கொளுத்து, தங்கச்சி."

கொளுத்தினேன். மூன்று தீக்குச்சி ஆனது.