முட்டியால் நிறுத்தும் மெஷின்

எங்கள் அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஈரப் படுக்கைவிரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் விடும் வேலை. ஒருநாள் உருளை அவள் வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. கை பொசுங்கி வீட்டில் கிடந்தவளுக்கு, கவனக்குறைவு என்று எழுதி வேலைநீக்கக் கடிதம் அனுப்பினார்கள். மனுஷர்களா இவர்கள்?

வழக்குப் போட்டாள். வக்கீல் புண்ணியவான் நாலு வாய்தாவுக்கும் எட்டிப்பார்க்கவில்லை. போன் செய்தால், "பார்த்துக்கலாம்மா" என்பார். ஐந்தாவது வாய்தாவுக்கு முன்னால் அக்கா போய்க் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நானே பேசிக்கிறேன்டி. வெந்தது என் கைதானே."

கோர்ட்டுக்கு நானும் கூடவே போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கூண்டில் ஏறி, "மெஷினை நிறுத்துற வசதி நல்லாத்தான் இருந்துச்சு. இவங்கதான் நிறுத்தலை" என்று ஒப்பித்தார். அக்கா பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உருளைக்குள்ள விடுற மாதிரி பிடிங்க சார். இப்ப மெஷினை நிறுத்துங்க."

அவர் வலது கையிலிருந்த துணியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஏதோ பட்டன் இருப்பதுபோல் காற்றை அமுக்கினார்.

"அங்க பட்டனே கிடையாது சார். ரெண்டு கையிலயும் துணி இருக்கும்னுதான் கீழ ஒரு கட்டை வச்சிருக்கு. முட்டியால இடிச்சா நிக்கும். அந்தக் கட்டையை மறைச்சு ஈரத்துணி வண்டியை வைக்கச் சொன்னது நீங்க. அன்னைக்கு நான் இடிச்சேன். வண்டியிலதான் இடிச்சுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அந்த மெஷின்ல ஒரு நாளாவது வேலை செஞ்சிருக்கீங்களா?"

சூப்பர்வைசர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபைலைப் பார்த்தார்.

அடுத்த மாதம் நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். மறுபடி வேலை கொடுக்க வேண்டும் என்றதும் நான் அழுதேவிட்டேன். அக்கா மட்டும் நகரவில்லை.

"ஐயா, தப்பு என்னோடது இல்லைன்னு அதுல வருதுங்களா?"

"வேலைதான் கிடைச்சிருச்சேம்மா."

"சரிங்கய்யா. ஆனா அவங்க கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்களே."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, விபத்துக்கு இவர் காரணமில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கை வெந்தவள் அதையும் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.