சத்தம் போடாத வேன்

மேற்கு மாம்பலத்தில் ஆறு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவர் சொர்ணக்கா. கணவர் கதிரேசன் மாரடைப்பில் போன பதினேழாம் நாள், அவர் ஓட்டிய வண்டியை எடுத்தார். அப்போது அவருக்கு ரிவர்ஸ்கூட ஒழுங்காக வராது. ஆற்றங்கரை வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் ஐந்து மணிக்கே கிளம்பி, முதல் பிள்ளையின் வாசலுக்கு ஆறே முக்காலுக்கு வந்துவிடுவார். பதினோரு பிள்ளைகள். ஒரு நாளும் தாமதம் கிடையாது. அந்த வண்டிக்கு மெக்கானிக் நான், ஷாஹுல் ஹமீது. அதைச் சாகடித்தவனும் நான்தான்.

பழைய கேஸ் வண்டி. எஞ்சினில் வால்வைத் தட்டுகிற டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். வால்வுக்கு மேலே மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவோம். சூட்டில் இரும்பு நீளும்போது அந்த இடைவெளி இருந்தால்தான் வால்வு முழுதாக மூடும். இல்லாவிட்டால் நெருப்பு கசிந்து வால்வைத் தின்றுவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குச் சத்தம் போட்டாலே அது ஓட்டை வண்டி.

நீரஜா என்று ஒரு அம்மா. அவருடைய அபார்ட்மெண்டிலிருந்து மட்டும் ஐந்து பிள்ளைகள். ஒருநாள் காலை வாசலில் நின்று தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“வண்டி என்ன இப்படி டக்டக்னு அடிச்சுண்டே வரது? குழந்தேள் இதுலயா போறதுன்னு எல்லாரும் கேக்கறா. வேற வேன் பாத்துக்கலாம்னு பேசிண்டிருக்கா.”

மதியமே சொர்ணக்கா என் ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

“பாய், சத்தமே வரக்கூடாது. இறுக்கிடு.”

“வால்வு எரிஞ்சிடும்க்கா.”

“தெரியும். அஞ்சு புள்ள போச்சின்னா மீதி ஆறும் போய்டும். அப்பறம் வால்வ வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் ஸ்பேனரை எடுத்தேன். தகடு நுழைய இடமே இல்லாமல் இறுக்கினேன். மே மாதம் லீவு விட்டதும் தளர்த்திவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போது ஜனவரி.

வண்டி சத்தமில்லாமல் ஓடியது. நீரஜா பாராட்டினாராம். சொர்ணக்கா எனக்கு வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

மார்ச் முதல் வாரம், துரைசாமி சப்வே ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. அன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை. பின்னால் ஹாரன் அலற, பதினோரு பேரையும் ஓரமாக நடத்தி மேலே கொண்டுபோய் ஆட்டோக்களில் ஏற்றிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வால்வு இரண்டு கருகியிருந்தன. ஒன்று, ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி. ஹெட்டிலும் விரிசல். இனி வேறு எஞ்சின்தான். அதற்கு அவருக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.

“என்னத் திட்டுக்கா” என்றேன்.

“உன்ன திட்டி இன்னா ஆவப்போது பாய்?”

திட்டியிருக்கலாம். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அந்த வாரமே பிள்ளைகள் எல்லோரும் புது வேனுக்கு மாறிவிட்டார்கள். வண்டி காயலான் கடைக்குப் போனது. புது வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆயா தேவைப்பட்டது. சொர்ணக்கா அதில் சேர்ந்துகொண்டார். பெரும்பாக்கத்திலிருந்து இப்போது பஸ்ஸில் வருகிறார்.

போன வாரம் டீக்கடையில் பார்த்தேன்.

“அந்த டிரைவரு எப்பவும் கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்றான் பாய். பிளேட்டு தேஞ்சிடும்.”

“சொல்ல வேண்டியதுதானேக்கா?”

“சொன்னேனே. ஆயாவுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்னு சிரிக்கறான்.”