சகலை மேல் வீசிய ஆரஞ்சுப் பூ

போத்தனூரில் இருக்கும் என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன மாதத்தில்தான் என் மேல் என்ன வாசனை அடிக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சொட்டு மருந்தில் எல்லாமே புகையாகத் தெரிய, சீரியலை முழுச் சத்தத்தில் வைத்துக் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது வந்தால் மூக்குதான் அவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் ஞாயிறு, என் மனைவியின் அக்காவைக் கட்டிய சகலையும் நானும் பார்க்கப் போனோம். அவர் படி ஏறும் முன்பே, "வாங்க பெரிய மாப்பிள்ளை, உங்குளுக்கு முன்னால உங்க மணம் வந்துருச்சுங்க" என்றார் மாமியார். பின்னாலேயே நான் நுழைந்தேன். மூக்கைச் சுருக்கினார்.

"மோட்டார் பாக்க வந்த தம்பியா? போர் மோட்டாரு பொறவால இருக்குது. அப்படியே போங்க தம்பி."

பம்ப்செட் சர்வீஸ் என் பிழைப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் என்னைவிட்டுப் போகாது. நானும் மறுத்துப் பேசவில்லை. பின்பக்கம் போய் நிஜமாகவே மோட்டாரைக் கழற்றி, வாஷர் மாற்றி, ஓடவிட்டுத் திரும்பினேன். அதற்குள் சகலை இரண்டாவது காபியில் இருந்தார்.

அவருக்கு என்னைவிட முடி அதிகம், பொறுத்துக்கொண்டேன். கார் இருக்கிறது, போகட்டும். மணக்கவும் வேண்டுமா ஒரு மனுஷன்? வீடு திரும்பும்போது காலையிலிருந்தே அம்மா வீட்டு அடுப்படியில் இருந்த என் மனைவி வேறு ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து, "மாமா மேல என்னமா மணக்குதுங்க!" என்றாள். ஸ்பீட் பிரேக்கரில் கொஞ்சம் வேகமாகவே ஏற்றினேன். மாமியார் ஒரே ஒரு முறையாவது என் மணத்தை வைத்து, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சகலையிடமே போனில் விசாரித்தேன். ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"அது கசப்பு ஆரஞ்சோட பூவுல எடுக்கற எண்ணெய்ங்க சகலை. நெரோலிம்பாங்க. பழத்தோல்ல எடுத்தா முட்டாய் வாசம், பூவுல எடுத்தாத்தான் இது. மூட்டை மூட்டையாப் பூவைக் கொட்டி ஆவியில வடிச்சா மேல கொஞ்சூண்டு மிதக்கும். சென்ட்ல மொதல்ல மூக்குல ஏறுறது அதுதான். மத்த வாசமெல்லாம் அதுக்குப் பொறவுதான் வரும்."

அவருக்குப் பின்னால் நான் படியேறியது ஞாபகம் வந்தது.

கோட்டைமேட்டில் ஓர் அத்தர் கடைக்குப் போனேன். கடைக்காரர் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். சுகமாக இருந்தது. விலையைச் சொன்னார். அந்தப் பொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் முகர்ந்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் நாரத்தை மரம் பூத்திருந்தது. நாரத்தையும் கசப்பு ஆரஞ்சும் பங்காளிகள்தானே என்று ஒரு யோசனை. மரத்தை மொட்டையடித்துப் பூவைக் குக்கரில் போட்டு, விசில் இருந்த இடத்தில் பம்ப் ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையை ஐஸ் தண்ணீருக்குள் வைத்த பாட்டிலில் விட்டேன். எண்ணெய் எதுவும் மிதக்கவில்லை. தண்ணீர்தான் வடிந்தது. முகர்ந்தால் முதலில் பூ. அதற்குப் பிறகு பெருங்காயம். குக்கர் கேஸ்கெட்டில் எங்கள் கல்யாணத்திலிருந்து வைத்த சாம்பாரெல்லாம் ஊறியிருந்திருக்கிறது.

மனைவி மரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏனுங்க, ஒரு பூ உடாம உருவிப்போட்டீங்களே, இனிக் காய் எங்கிருந்துங்க வரும்? ஊறுகாய்க்கு உங்க மண்டையவா அரிஞ்சு போடறது?"

இருந்தாலும் அதைப் பூசிக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு போனேன். "நான்தானுங்க அத்தை" என்றேன். மாமியார் வெகுநேரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். சொக்கிப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு வாசலிலேயே சகலையைச் சந்தித்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டிச் சீசாவை எடுத்தார். என் கண் போன திசையைக் கவனித்துவிட்டார்.

"கையை நீட்டுங்க சகலை."

மணிக்கட்டு, கழுத்து என்று தாராளமாகவே தடவிவிட்டார். அதற்குள் அவருக்குப் போன் வர, பேசிக்கொண்டே தெருவில் நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

"வாங்க பெரிய மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"ம்" என்றேன்.

"பக்கத்துல வாங்க. நல்லவேளை, தனியா வந்தீங்க. சின்ன மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க. போன வாரம் வந்தாரு, பூவும் பெருங்காயமுமா ஒரு வாசம். வேர்வையே அப்படி வருதாட்ட இருக்குது. கேட்டாச் சங்கடப்படுவாரு. நீங்கதான் பதனமாப் பேசி ஒரு டாக்டருகிட்டக் காட்டோணும்."

டி.வி.யில் யாரோ ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதிருக்கலாம். ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வாய்க்குமா? சகலையின் அடிக்குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போறேனுங்க அத்தை. ஆனா ஒண்ணுங்க, சின்னவராட்ட ஒரு மனுசன் கெடைக்க மாட்டாரு. வந்த எடத்துல மோட்டாரைச் சரி பண்ணிப்போட்டு, ஒரு வார்த்தை வெளிய சொல்லலீங்களே! கொணத்துல நானெல்லாம் அவருக்குக் கிட்ட நிக்க முடியாதுங்க."

மாமியார் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் முந்தானையை விட்டு ஒற்றிக்கொண்டார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சகலையை இத்தனை உசத்திப் பேச ஆருக்குங்க மனசு வரும்? எம் பெரிய மாப்பிள்ளை தங்கமுங்க, தங்கம்!"