ஏழு பேர் பார்த்த அறிக்கை

மராத்தி பேசும் ஊரான ஔந்தில் ஒரு பள்ளியில் ஒன்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சந்திரிகா, முப்பத்தெட்டு வயதில் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர் ஆனாள். அதே பக்கத்து ஆகுர்டியில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. பதவியின் பெயர் பெரிசுதான். வேலை என்னவோ, அவள் எழுதும் அறிக்கையை ஏழு பேர் அடித்துத் திருத்துவது, திருத்தியதை அவள் மறுபடி எழுதுவது. கோயம்புத்தூரிலிருக்கும் அம்மாவுக்குப் போனில் விளக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். ஆறு மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். மூன்றாவது வாரத்திலேயே பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகியது.

அந்த வாரம்தான் ஜம்பு என்ற தொழிலாளியின் வலது கை மெஷினில் மாட்டி இரண்டு விரல்கள் போயின. சந்திரிகா உள்ளதை உள்ளபடி நாலு வரி எழுதி, ஒப்புதலுக்கான வாட்ஸப் குழுவில் போட்டாள். சட்டம் பார்ப்பவர் 'வலது' வேண்டாம் என்றார். இன்னொருவர் 'இரண்டு' வேண்டாம் என்றார். 'விரல்' என்றாலே பயமாக இருக்கிறது என்றார் மற்றொருவர். கடைசியில் அவளுடைய மேலதிகாரி ராகவேந்திரா, 'கையில் லேசான காயம், தொழிலாளி நலம்' என்று தாமே தட்டிப் போட்டார். உடனே எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

இது பொய்யாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பாதி பயம், பாதி அலுப்பு. அறிக்கை பத்திரிகைகளுக்குப் போனது, நோட்டீஸ் போர்டிலும் ஏறியது. விவரங்களுக்கு என்று அடியில் அவள் பெயரும் நம்பரும்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"மேடம், ஜம்பு வீட்டுக்காரி விசாலம் பேசறேன். நீங்க தமிழ்னு சொன்னாங்க, அதான் கூப்ட்டேன். ஆஸ்பத்திரில என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க. லேசான காயம்னு போர்டுல போட்டிருக்காமே? அப்ப இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்ல?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அலுவலகத்தில் ஒரு பதில் தயாராக உண்டு: விசாரித்துச் சொல்கிறோம். எதிர் மேஜையில் ராகவேந்திரா. அவருக்குத் தமிழ் ஓரளவு புரியும். சந்திரிகாவுக்கு இதற்கு மேல் மழுப்பத் தெம்பில்லை.

"லேசான காயம் இல்லைங்க. வலது கையில ரெண்டு விரல் போயிருச்சுங்க. இன்னைக்கு அனுப்ப மாட்டாங்க."

ராகவேந்திரா தலையைத் தூக்கினார்.

"அப்புறம் ஏன் மேடம் அப்டி எழுதுனீங்க?"

பழியை மற்றவர்கள் தலையில் போட்டிருக்கலாம். அது பொய்யாகவும் இருக்காது.

"என் வேலை போயிருமோன்னு பயந்துட்டேனுங்க."

விசாலம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவரு வேலை இருக்குமா மேடம்?"

அதைச் சொல்ல வேண்டியவர் எதிர் மேஜையில் இருந்தார். சந்திரிகா எழுந்து போய், போனை ராகவேந்திராவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.