கடைசி வரி வரை வாசிக்கச் சொன்ன காரைக்கால் அக்கா

செய்தி எனக்கு எழுத்து எழுத்தாக வந்தது. உடுவில் சந்திக்குக் கிட்ட மின்கம்பத்தில் புதிதாக ஒட்டியிருந்த மரண அறிவித்தலைக் கண்டு, மகனிடம் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னேன். எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்று வாசிப்பது இப்போது என் வழக்கம். சீமெந்துப் பையைக்கூட விடமாட்டேன்.

"வாங்கோ ஐயா, வெயில் ஏறுது," என்றான் மகன். அவன் முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது.

நான் இறங்கிப் போய்க் கூட்டி வாசித்தேன். "காரைக்காலைப் பிறப்பிடமாகவும் காங்கேசன்துறையை வதிவிடமாகவும்" என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயர் வரும்வரை வாசித்தேன். மரகதம். பாதியில் நிறுத்தியிருந்தால் அக்கா மன்னித்திருக்க மாட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சாகும் இந்தக் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். காரைக்காலுக்கு ஓடு ஏற்றப்போன எங்கள் ஊர்த் தோணிக்காரரை மணந்து கடல் தாண்டி வந்தவர். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எழுபத்தாறு. அவருக்கு நான் கடைசிவரை தம்பிதான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் அவருடைய வீடு சிப்பாய்களின் முகாமுக்குப் பின்னால் இருந்தது. தகப்பனும் சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய். முகாமில் காலை ஊதுகுழல் கேட்டால்தான் அந்தத் தெருவில் அடுப்பு மூட்டுவார்களாம். மாலையில் கொடி இறங்கும்போது தெருவில் போகிறவர்கள் போன இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். ஏழு வயதில் ஒருநாள் சுடுகஞ்சிச் சட்டியோடு போனபோது ஊதல் கேட்டிருக்கிறது. அது முடியும்வரை அக்கா சட்டியைக் கீழே வைக்கவில்லை. இடது உள்ளங்கையில் அந்த வெள்ளைத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

"கீழை வைச்சிருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் எண்டு ஆர் சொன்னது? பயந்தவளுக்குக் கை சுடுறது தெரியாது தம்பி."

போரில் இடம்பெயர்ந்து அக்காவும் உடுவிலில்தான் இருந்தார். இராணுவம் பிடித்திருந்த அவருடைய வீட்டு வளவு பிறகு விடுபட்டது. காங்கேசன்துறைக்குத் திரும்பிப் போனார். வேலிக்கு அப்பால் இப்போதும் இராணுவ முகாம். அங்கேயும் மாலையில் ஊதுவார்கள். அது கேட்டதும் அக்கா செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து கதிரையில் அமர்ந்திருப்பார். தேத்தண்ணீரை எடுத்து ஆறுதலாகக் குடிப்பார். "காரைக்காலிலை நிண்டது போதும்," என்பார். ஒருமுறை வேலியடியில் நின்ற சிப்பாய் ஒருவன் கைகாட்டினான். அக்காவும் சிரித்துக்கொண்டு கைகாட்டினார். ஆனால் எழும்பவில்லை.

என் காணி அந்த முகாமின் கம்பிவேலிக்கு உள்ளே இருக்கிறது; அதனால் நாங்கள் இன்னும் உடுவிலிலேயே இருக்கிறோம். அக்காவின் முற்றத்தில் நின்றால் என் மூன்று தென்னைகளும் தெரியும். காணி பற்றி அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தபோது, "அடுத்தமுறை விடுவினமாம் ஐயா," என்று மகன் வாசித்தான். நான் கிணறு இறைக்க ஆளும் பேசிவிட்டேன். நல்ல செய்தியை இன்னொரு முறை கேட்கும் ஆசையில் கடிதத்தை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"நான் வாசிக்கமாட்டன். நீர் வாசியும்."

"எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு தெரிஞ்சும் நக்கலே அக்கா?"

"நக்கல் இல்லை. இரும், ஒண்டு சொல்லுறன்."

அன்றுதான் தகப்பனின் கதையைச் சொன்னார். அவரைச் சைகோன் பக்கம் சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. சிப்பாய்களின் குடும்பங்களுக்குக் கடிதம் வாசிக்க முகாம் வாசலில் ஒரு பழைய சிப்பாய் இருப்பாராம். அவர் கடிதத்தைப் பார்த்தார். அக்காவின் தாயின் நிறைமாத வயிற்றைப் பார்த்தார். "சுகமாம், மலைப்பக்கம் மாத்திப்போட்டினமாம், கொஞ்சநாள் கடிதம் வராதாம்," என்றார். தாய் அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்தடியில் வைத்து, தினமும் அதற்குத் திருநீறு போட்டார்.

எட்டு மாதம் கழித்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த அக்கா அதை எடுத்து எழுத்துக் கூட்டினார். வைத்தியசாலையில் இறந்துவிட்டார் என்று இருந்தது. தாய்க்கு அப்படியே வாசித்தார்.

"அம்மா முதல் எனக்கு ஒரு அறை விட்டா. பிறகு எழும்பிப் போய்த் தலையிலை தண்ணி வார்த்தா," என்றார் அக்கா. "அந்தக் கிழவர் இரக்கத்திலைதான் செய்தவர் தம்பி. அந்த இரக்கம் என்ரை அப்பாவை எட்டு மாசம் எள்ளும் தண்ணியும் இல்லாமல் வைச்சிருந்தது."

என் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "அப்ப எழுத்துச் சொல்லித் தாங்கோ," என்றேன்.

ஏழு மாதம், செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் எடுத்துப் போனேன். "உப்பு" என்று பைக்கட்டில் நானே வாசித்த நாளில், அதை உடைக்க வீட்டில் ஒருவரையும் விடவில்லை. மருமகள் அன்று உப்பில்லாமல் கறி வைத்தாள். எனக்கு அது ருசித்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடிதத்தை எடுத்து விரித்தேன். "தங்கள் காணி விடுவிக்கப்படவுள்ள காணிகளின் பட்டியலில் இல்லை என்பதை அறியத்தருகிறேன்." கடைசிச் சொல்லுக்கு மட்டும் மூன்று தரம் முயன்றேன். தென்னைகளை நான் பார்க்கவில்லை. அக்கா என்னைத் தேற்றவும் இல்லை.

"விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

"அப்ப மறுமொழி எழுதும்."

என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். வீட்டுக்கு வந்து, "வாசிச்சிட்டன்," என்று மகனிடம் சொன்னேன். "உங்களுக்குப் பிரஷர் எல்லே ஐயா," என்றான் அவன். நான் கோபிக்கவில்லை. அந்த முகாம் வாசல் கிழவர் போலத்தான் அவனும்.

அக்காவைத் தகனம் செய்த அன்று மாலை அவருடைய முற்றத்தில் நாங்கள் பத்துப் பேர் நின்றோம். வேலிக்கு அப்பால் ஊதுகுழல் கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவருடைய கதிரையில் அல்ல, பக்கத்துக் கதிரையில். ஒவ்வொருவராக மற்றவர்களும் இருந்தார்கள். யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

போன கிழமை கந்தோரிலிருந்து மறுமொழி வந்தது. மகன் உறையைக் கிழிக்காமல் என் கையில் வைத்துவிட்டு எதிரே இருந்தான். இம்முறை அவனுக்கு நான் வாசித்தேன். இந்தத் தடவையும் இல்லையாம். கையொப்பம், பதவி, திகதி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசித்தேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்: அமைதியாக இருந்துகொண்டு, வந்ததைக் கடைசி வரி வரை வாசிப்பது.

மகன் எழும்பிப் போய்ப் பேனையை எடுத்துவந்து தந்தான்.